டெலிகேட்: ஆளா, தாளா?

ஐபோன் செயலி எழுதுகிறவரிடம் ‘இதில் டெலிகேட் எது?’ என்று கேளுங்கள். ஓர் ஆப்ஜெக்டைக் காட்டுவார். அதே கேள்வியைச் சி ஷார்ப் எழுதுகிறவரிடம் கேட்டால் அவர் காட்டுவது ஒரு டைப்பை. எந்த ஆப்ஜெக்டின் எந்த மெத்தடைக் கூப்பிட வேண்டும் என்ற விவரத்தைப் பொதிந்து வைக்கும் டைப் அது. ஜாவாவில் நெடுநாள் வேலை பார்த்தவரோ, பட்டனை அழுத்தினால் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாடு முழுவதற்குமே ‘டெலிகேஷன்’ என்று பெயர் சொல்வார். மூவர் சொல்வதும் சரி. மூவரும் பேசுவதும் ஒரே வேலையைப் பற்றித்தான்: ஓர் ஆப்ஜெக்டில் ஏதோ நடக்கிறது, அது இன்னோர் ஆப்ஜெக்டுக்குத் தெரிய வேண்டும். அந்த ஒரே வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரே சொல் எப்படி மூன்று வேறு பொருள்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டது?

இந்தக் கேள்விக்கு நடைமுறைப் பயனும் உண்டு. சி ஷார்ப்பில் ஓர் ஈவென்டை அறிவிக்க உட்காருகிறவர் முன்னால் இன்றும் மூன்று வழிகள் இருக்கின்றன. தானே ஒரு டெலிகேட் டைப் எழுதி அதற்குப் பெயர் வைக்கலாம். ஆயத்தமாக இருக்கும் ‘ஈவென்ட்ஹேண்ட்லர்’ டைப்பை எடுத்து, அதற்குள் தன் தகவல் கிளாஸை வைக்கலாம். அல்லது ‘ஆக்‌ஷன்’ என்று சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். மூன்றும் கம்பைல் ஆகும், மூன்றும் ஓடும். அதனால் இதை அவரவர் விருப்பம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெலிகேட் என்ற சொல் வந்த வழியைத் தெரிந்துகொண்டால், இந்த மூன்றில் எதை எடுக்கிறோம் என்பது எவ்வளவு எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதைப் பற்றியது என்று விளங்கும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லெகாரே’ என்றால் ஒருவரை அதிகாரம் கொடுத்து அனுப்புவது. சட்டம் என்று பொருள்படும் ‘லெக்ஸ்’ என்ற சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ரோம் அனுப்பிய தூதர் ‘லெகாதுஸ்’. முன்னால் ‘டே’ சேர்ந்து ‘டெலெகாரே’ ஆனபோது, தன்னிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் ஒப்படைப்பது என்ற பொருள் வந்தது. ரோமச் சட்டத்தில் இதற்குக் கறாரான ஒரு பயன்பாடு இருந்தது. நான் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறேன், எனக்கு வேறொருவர் கடன்பட்டிருக்கிறார். ‘எனக்குத் தர வேண்டியதை நேரே அவருக்குக் கொடுத்துவிடு’ என்று என் கடனாளிக்கு ஆணையிடுகிறேன். இந்த ஏற்பாட்டின் பெயர் ‘டெலெகாஷியோ’. ஆணை பெற்ற கடனாளிக்கு ‘டெலெகாதுஸ்’ என்று பெயர். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தபோதும் ஆளைத்தான் குறித்தது. இன்றைக்கு மாநாட்டுக்கு வரும் பேராளரை டெலிகேட் என்று சொல்வதும் அந்தப் பொருளில்தான்.

ஆனால் எந்த ஒப்படைப்பிலும் ஆள் மட்டும் இருப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர் ஊரில் உள்ள மனையை விற்க அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கொடுக்கிற செயல் ஒன்று, பவர் ஏஜென்டாகிய அண்ணன் ஒன்று, பதிவு அலுவலகத்தில் பதிந்த பத்திரம் ஒன்று. பேச்சில் நாம் இவற்றைக் கலந்துதான் பேசுகிறோம். ‘பவர் அண்ணன்கிட்ட இருக்கு’, ‘பவரைக் கொண்டு வாங்க’, ‘பவரை ரத்து பண்ணியாச்சு’. டெலிகேட் என்ற சொல் கணினிக்குள் வந்த பிறகு நடந்ததும் இதுதான். முதலில் செயலுக்குப் பெயராக இருந்தது, பிறகு ஆளுக்குப் பெயரானது, கடைசியில் தாளுக்குப் பெயராகிவிட்டது.

செயலுக்குப் பெயராக இருந்த காலத்தை 1986இல் பார்க்கலாம். அந்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்துக்காக நடந்த முதல் ஊப்ஸ்லா மாநாட்டில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹென்றி லீபர்மன் ஒரு கட்டுரை அளித்தார். கிளாஸ்களும் அவற்றின் வாரிசுகளும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அவர் கிளைட் என்ற யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார். யானை என்றால் என்ன என்று இலக்கணம் படித்துவிட்டு யாரும் யானையைப் புரிந்துகொள்வதில்லை. கிளைட்டைப் பார்க்கிறோம், பிறகு ஃபிரெட் என்று இன்னொரு யானை வருகிறது. ஃபிரெட்டின் நிறம் என்ன என்று கேட்டால், தெரியாத இடத்தில் கிளைட்டின் நிறத்தைச் சொல்லிவிடுகிறோம். ஃபிரெட் தன்னால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கிளைட்டிடம் ஒப்படைக்கிறது. இதற்கு லீபர்மன் பயன்படுத்திய சொல் டெலிகேஷன்.

அவருடைய பொருளில் ஒரு நுட்பம் உண்டு. பின்னால் வந்த பலரும் விட்டுவிட்டது அதுதான். கிளைட் பதில் சொல்லும்போது, ‘நான்’ என்ற சொல் கிளைட்டைக் குறிக்கக் கூடாது, ஃபிரெட்டையே குறிக்க வேண்டும். கிளைட்டின் மெத்தடுக்குள் ‘என் கால்களின் எண்ணிக்கை’ என்று ஒரு வரி இருந்தால், அங்கே எண்ணப்பட வேண்டியவை ஃபிரெட்டின் கால்கள். வேலையை ஒப்படைத்தவர் யார் என்பது வேலை முடியும்வரை மறக்கப்படுவதில்லை. அடுத்த ஆண்டு டேவிட் அங்கர், ராண்டல் ஸ்மித் இருவரும் வெளியிட்ட செல்ஃப் மொழி இந்த எண்ணத்தின் மேலேயே கட்டப்பட்டது. 1995இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட்டை உருவாக்கியபோது அங்கிருந்துதான் புரோட்டோடைப் முறையை எடுத்துக்கொண்டார். இன்று உலாவியில் ஓடும் ஒவ்வொரு ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டும் தன்னிடம் இல்லாததை மூல ஆப்ஜெக்டிடம் தேடும்போது லீபர்மனின் டெலிகேஷனைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆளுக்குப் பெயரான கதை நெக்ஸ்ட் நிறுவனத்தில் நடந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறித் தொடங்கிய நிறுவனம் அது. 1989இல் வந்த நெக்ஸ்ட்ஸ்டெப்பின் ஜன்னல், பட்டன் முதலிய கிளாஸ்கள் ஆப்ஜெக்டிவ் சியில் எழுதப்பட்டவை. ஒரு ஜன்னல் மூடப்படும்போது நம் நிரல் ஏதாவது செய்ய வேண்டுமென்றால், ஜன்னல் கிளாஸிலிருந்து வாரிசு கிளாஸ் ஒன்றை உண்டாக்கி மெத்தடை மாற்றி எழுதுவது அன்றைய வழக்கம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு வாரிசு என்று போனால் சிறு வேலைக்கும் கிளாஸ் குவியும். நெக்ஸ்ட் அதற்கு மாற்றாக ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆப்ஜெக்டை உட்கார வைத்தது. முடிவெடுக்க வேண்டிய இடம் வரும்போது ஜன்னல் அதனிடம் கேட்கும். அந்த ஆப்ஜெக்டின் பெயர் டெலிகேட்.

இந்த மரபில் வந்த, ஆப்பிளின் கோக்கோ நூலகத்தின் மெத்தட் பெயர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘விண்டோ ஷுட் குளோஸ்’ என்று ஒன்று இருக்கிறது. மூடலாமா என்று கேட்கிறது, ஆம் அல்லது இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறது. ‘விண்டோ வில் குளோஸ்’ என்பது மூடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறது. ‘விண்டோ டிட் ரீசைஸ்’ என்பது அளவு மாறி முடிந்துவிட்டது என்று தெரிவிக்கிறது. அனுமதி கேட்பது, முன்கூட்டிச் சொல்வது, நடந்ததைச் சொல்வது ஆகிய மூன்றும் பெயரிலேயே பிரிந்து நிற்கின்றன. நிரலாக்கத்தில் பெயர் வைப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான முன்மாதிரிகளில் இது ஒன்று.

லீபர்மனின் நுட்பம் இங்கே கைவிடப்பட்டது. டெலிகேட்டின் மெத்தடுக்குள் ‘நான்’ என்றால் டெலிகேட்தான், ஜன்னல் இல்லை. அதனால் ஜன்னல் தன்னையே ஒரு பாராமீட்டராக அனுப்பி வைக்கிறது. கறாராகப் பார்த்தால் இதை டெலிகேஷன் என்று சொல்லக் கூடாது, வேலையை மாற்றிவிடுவது என்றுதான் சொல்ல வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. இருந்தாலும் லத்தீன் பொருளுக்கு நெக்ஸ்டின் பயன்பாடு மிக நெருக்கமானது. ஒருவர் அனுப்புகிறார், ஒருவர் அவர் சார்பில் முடிவெடுக்கிறார். இன்றைய ஐபோன் செயலிகளில் ‘ஆப்டெலிகேட்’ என்று வரும் கிளாஸும் இந்த வம்சம்தான்.

டெலிகேட்டோடு எப்போதும் சேர்ந்து வரும் ‘ஈவென்ட்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு சிக்கலான வரலாறு இல்லை. ‘வெளியே வருவது’ என்ற பொருளுள்ள லத்தீன் ‘ஏவெனிரே’ அதன் வேர். 1984இன் மெக்கின்டாஷ் தன் நிரலர்களிடம் அடுத்த ஈவென்டைக் கேட்டு வாங்கச் சொன்னது. எக்ஸ் விண்டோ அமைப்பும் அப்படியே. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் மட்டும் அதே பொருளை ‘மெசேஜ்’ என்றது. நடந்ததைச் சொல்வது ஒரு பெயர், வந்து சேர்ந்ததைச் சொல்வது இன்னொரு பெயர். விசுவல் பேசிக் 1991இல் வந்தபோது மெசேஜ் என்ற சொல்லை மறைத்துவிட்டு ஈவென்ட் என்ற சொல்லையே புரோகிராமர் முன் வைத்தது. பட்டனை இருமுறை சொடுக்கினால் ‘கமாண்ட்1’ என்ற பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் ‘கிளிக்’கும் சேர்ந்த வெற்றுப் புரொசீஜர் ஒன்று திறக்கும். பெயர் பொருந்தினாலே இணைப்பு ஆகிவிடும், யாரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை.

ஜாவா டெலிகேஷன் என்ற சொல்லை எடுத்ததும் நெக்ஸ்ட் சந்தித்த அதே நெருக்கடியால்தான். 1996இல் வந்த முதல் பதிப்பில் பட்டனை அழுத்தினால் என்ன செய்வது என்பதை வாரிசு கிளாஸில் எழுத வேண்டியிருந்தது. ஒரு பெரிய மெத்தடுக்குள் எந்தப் பட்டன், எந்த மெனு என்று வரிசையாக ‘இஃப்’ போட்டுப் பிரிக்க வேண்டும். 1997இல் வந்த 1.1 பதிப்பு அதைத் தூக்கிவிட்டு லிஸனர் இன்டர்ஃபேஸ்களைக் கொண்டுவந்தது. அந்த முறைக்கு, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் வைத்த பெயர் ‘டெலிகேஷன் ஈவென்ட் மாடல்’. இங்கே ஆளுக்கு லிஸனர் என்று பெயர் வந்துவிட்டதால், டெலிகேஷன் மீண்டும் செயலின் பெயராக, ஏற்பாட்டின் பெயராக நின்றது.

தாளின் கதை இன்னொரு பக்கம், டெல்ஃபியில் தொடங்குகிறது. போர்லண்ட் நிறுவனம் 1995 பிப்ரவரியில் வெளியிட்ட டெல்ஃபியின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க், டர்போ பாஸ்கலை எழுதிய டென்மார்க்காரர். டெல்ஃபியில் ஒரு பட்டனின் ‘ஆன்கிளிக்’ என்பது சாதாரண பிராப்பர்ட்டிதான். அதன் டைப் மட்டும் விசேஷமானது. ‘ஓர் ஆப்ஜெக்டின் புரொசீஜர்’ என்று அறிவிக்கப்பட்ட அதற்குள் இரண்டு முகவரிகள் இருக்கும்: எந்த மெத்தட், எந்த ஆப்ஜெக்ட். மிக அதிகமாகப் பயன்பட்ட டைப்பின் பெயர் ‘டிநோட்டிஃபைஈவென்ட்’. அதன் ஒரே பாராமீட்டர் ‘சென்டர்’, அதாவது அனுப்புநர். கவனித்தீர்களா, டெல்ஃபியில் தாளின் பெயர் ‘ஈவென்ட்’. டெலிகேட் என்ற சொல் அங்கே இன்னும் வரவில்லை.

ஹைல்ஸ்பெர்க் 1996இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது விசுவல் ஜே பிளஸ் பிளஸ், அதாவது மைக்ரோசாஃப்டின் ஜாவா. 1998இல் வந்த அதன் 6.0 பதிப்பில் ஜாவாவில் இல்லாத இரண்டு சொற்கள் மொழிக்குள் நுழைந்தன: ‘டெலிகேட்’, ‘மல்ட்டிகாஸ்ட்’. டெல்ஃபியின் இரட்டை முகவரி இங்கே டெலிகேட் என்ற பெயரோடு வந்து நின்றது. தாளுக்கு ஆளின் பெயர் சூட்டப்பட்ட இடம் இதுதான்.

அது அமைதியான காலமும் இல்லை. ஜாவா உரிமத்தை மீறியதாகச் சன், மைக்ரோசாஃப்ட் மீது 1997 அக்டோபரில் வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்கு 2001 ஜனவரியில்தான் சமரசத்தில் முடிந்தது. நடுவில் சன்னின் ஜாவா குழு, மைக்ரோசாஃப்டின் டெலிகேட்டுகளைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைப்பில் டெலிகேட் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். பெயரை ஏற்கவில்லை என்பதற்கு அந்தக் குறியே சாட்சி. உள்ளே அதை ‘ஆப்ஜெக்டோடு கட்டப்பட்ட மெத்தட் சுட்டு’ என்ற பொருளில்தான் குறிப்பிட்டார்கள். இதைத் தாங்களும் 1996இல் ஆலோசித்ததாகவும், டெல்ஃபி அனுபவமுள்ள போர்லண்டிடமே கேட்டு, மாதிரி செய்து பார்த்துக் கைவிட்டதாகவும் எழுதினார்கள். உள் கிளாஸ்கள் இருக்கும்போது மொழிக்கு இப்படி ஒரு புதுப் பொருள் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். மைக்ரோசாஃப்டும் பதில் அறிக்கை வெளியிட்டது. வழக்கின் சூட்டில் எழுதப்பட்டவை என்றாலும், மொழி வடிவமைப்பைப் பற்றி இரு தரப்பும் உண்மையாகவே சிந்தித்த ஆவணங்கள் அவை.

பின்னால் 2014இல் ஜாவா 8 மெத்தட் சுட்டுகளை ஏற்றுக்கொண்டது. இரட்டைக் கோலன் போட்டு ஒரு மெத்தடைப் பெயரால் சுட்டி வேறிடத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அது போய் உட்கார ஓர் இன்டர்ஃபேஸ் வேண்டும். அந்த வகையில் ஜாவா தன் பழைய நிலையை முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை.

2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, 2002இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தோடு வெளிவந்த சி ஷார்ப்பில் டெலிகேட் நிலைபெற்றது. அதோடு ‘ஈவென்ட்’ என்ற சொல்லும் மொழியின் உறுப்பானது. இரண்டுக்கும் உள்ள உறவைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டெலிகேட் டைப்பில் ஒரு பொது ஃபீல்டு வைத்தாலே கேட்பவர்களைச் சேர்க்கலாம். ஆனால் அப்போது வெளியே இருக்கும் எவரும் சமக்குறி போட்டு மற்ற எல்லோரையும் துடைத்துவிடலாம், இன்னும் மோசமாக, நடக்காத ஒன்றை நடந்ததாக அறிவித்தும் விடலாம். முன்னால் ‘ஈவென்ட்’ என்று எழுதினால் வெளியாருக்குக் கூட்டல்-சமமும் கழித்தல்-சமமும் மட்டுமே மிஞ்சும். சேரலாம், விலகலாம். கூப்பிடும் உரிமை அறிவித்த கிளாஸிடமே இருக்கும். டெலிகேட் என்பது தாள் என்றால், ஈவென்ட் என்பது தாளைப் போட்டு வைக்கும் பூட்டிய பெட்டி.

டெல்ஃபியில் ‘ஈவென்ட்’ என்றிருந்த தாள் சி ஷார்ப்பில் ‘ஈவென்ட்ஹேண்ட்லர்’ ஆயிற்று. ஹேண்ட்லர் என்றால் கையாளுகிறவர், உண்மையில் நாம் எழுதும் மெத்தட்தான் ஹேண்ட்லர். ஆகவே இங்கேயும் தாளுக்கு ஆள் பெயர். மைக்ரோசாஃப்டின் பெயரிடும் விதிகள் இந்தப் பின்னொட்டை வழக்கமாக்கின: மவுஸ்ஈவென்ட்ஹேண்ட்லர், பெயின்ட்ஈவென்ட்ஹேண்ட்லர், கேன்சல்ஈவென்ட்ஹேண்ட்லர். முதல் பாராமீட்டர் ‘சென்டர்’, டெல்ஃபியின் பெயரே. இரண்டாவது ‘இ’ என்ற ஒற்றை எழுத்து, அதன் கிளாஸ் பெயர் ‘ஈவென்ட்ஆர்க்ஸ்’ என்று முடிய வேண்டும். ‘ஆன்’ என்ற முன்னொட்டு மட்டும் இடம் மாறிவிட்டது. டெல்ஃபியில் ஆன்கிளிக் என்பது ஈவென்டின் பெயர். டாட்நெட்டில் ஈவென்ட் வெறும் ‘கிளிக்’, ஆன்கிளிக் என்பது அதை எழுப்பும் மெத்தட். டெல்ஃபியிலிருந்து வந்தவர்களை இது தடுமாற வைத்தது. எழுப்புவதற்கும் ஒரு சொல்லைத் தேர்ந்தார்கள்: ஈவென்டை ‘ரைஸ்’ செய்யுங்கள், ‘ஃபயர்’ என்றோ ‘ட்ரிகர்’ என்றோ சொல்லாதீர்கள் என்று விதி சொல்கிறது. ஜாவா நூலகங்களில் ஃபயர் என்றும் க்யூட்டி நூலகத்தில் எமிட் என்றும் வழங்குவதும் இதே செயல்தான்.

ஈவென்ட் டெலிகேட்டுகள் ஏன் எதையும் திருப்பித் தருவதில்லை என்ற கேள்விக்கும் சொல்லின் வரலாறு பதில் வைத்திருக்கிறது. நெக்ஸ்டின் ஜன்னலுக்கு ஒரே ஒரு டெலிகேட். எனவே மூடலாமா என்று கேட்டு ஒரு பதில் வாங்க முடியும். சி ஷார்ப்பின் டெலிகேட் ஒன்றுக்குள் பல மெத்தடுகள் வரிசையாக இருக்கலாம். எல்லாம் ஆளுக்கொரு பதில் தந்தால், கூப்பிட்டவர் கைக்கு வருவது கடைசியானதன் பதில் மட்டும்தான். முதல் ஹேண்ட்லர் ‘மூடாதே’ என்று சொல்லியும் கடைசியானது ‘சரி’ என்றால் ஜன்னல் மூடிவிடும். அதனால்தான் பதிலைத் தாளுக்குள்ளேயே எழுதும்படி செய்தார்கள்: ‘கேன்சல்ஈவென்ட்ஆர்க்ஸ்’ என்ற கிளாஸில் ‘கேன்சல்’ என்று ஒரு கட்டம், எந்த ஹேண்ட்லர் வேண்டுமானாலும் அதை மாற்றலாம். ஃபார்ம் மூடும் முன் ‘குளோசிங்’, மூடிய பின் ‘குளோஸ்டு’. கோக்கோ மூன்று பெயரில் சொன்னதை இங்கே இரண்டு பெயரும் ஒரு கட்டமும் சேர்ந்து சொல்கின்றன.

2005இல் சி ஷார்ப்புக்கு ஜெனரிக்ஸ் வந்தபோது பெயர்களின் அழிவு தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு ஈவென்ட் வகைக்கும் தனி டெலிகேட் டைப் தேவை. இப்போது ‘ஈவென்ட்ஹேண்ட்லர்’ என்ற ஒரே டைப்புக்குள் எந்த ஈவென்ட்ஆர்க்ஸையும் வைக்கலாம். இரண்டு வரி மிச்சம், ஒரு பெயர் மிச்சம். அதே ஆண்டு ‘டெலிகேட்’ என்ற சொல்லுக்கே இன்னொரு வேலை கொடுத்தார்கள்: பெயரில்லாத மெத்தடின் உடலை அந்தச் சொல்லோடு தொடங்கி அங்கேயே எழுதலாம். தாள் என்றிருந்த சொல் திரும்பவும் ஆளைக் குறித்தது. 2007இல் ஆக்‌ஷனும் பதில் திருப்பித் தரும் ஃபங்க்கும் பல அளவுகளில் கிடைத்தன, பெயரில்லாத மெத்தடைச் சுருக்கி எழுதும் லாம்டாவும் வந்தது. டெலிகேட் என்று எழுதாமலே டெலிகேட்டை நாள் முழுவதும் பயன்படுத்தும் நிலை வந்துவிட்டது.

இந்த வசதியில் எதை இழந்தோம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். குளிர்பதனக் கிடங்கைக் கண்காணிக்கும் நிரல். ஓர் அறையின் வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் ஈவென்ட் எழ வேண்டும். தெரிவிக்க வேண்டியவை மூன்று: அறை எண், அளந்த வெப்பநிலை, அனுமதித்த எல்லை. ஆக்‌ஷனில் அறிவித்தால் ஒரு முழு எண், இரண்டு தசம எண் என்று மட்டுமே தெரியும். கேட்கப் போகிறவர் விசுவல் ஸ்டுடியோவில் கூட்டல்-சமம் போட்டு டேப் அழுத்தினால், அது எழுதித் தரும் மெத்தடில் பாராமீட்டர்களின் பெயர் ஆர்க்1, ஆர்க்2, ஆர்க்3. எது அளந்தது, எது எல்லை? இடம் மாற்றி எடுத்துக்கொண்டாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. மைனஸ் 18 இருக்க வேண்டிய அறை மைனஸ் 9இல் இருக்கும்போது, எல்லை மைனஸ் 9, அளந்தது மைனஸ் 18 என்று திரையில் வரும். எல்லாம் சரியாக இருப்பதாகவே படிப்பவர் நினைப்பார்.

தானே டெலிகேட் டைப் எழுதினால் பாராமீட்டர்களுக்குப் பெயர் உண்டு. உருவாகும் மெத்தடிலும் அந்தப் பெயர்களே வரும், டைப்புக்கு மேலே இரண்டு வரி விளக்கமும் எழுதி வைக்கலாம். ஒரே குழு எழுதிப் பராமரிக்கும் நிரலுக்குள் இந்த வழி தேவைக்கு அதிகமாகவே ஒதுக்கப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். அதற்கும் ஒரு விலை உண்டு. சி ஷார்ப்பில் டெலிகேட்டுகள் பெயரால் வேறுபடும், வடிவத்தால் ஒன்றாகா. ஒன்றை வாங்கி மெய்யோ பொய்யோ சொல்லும் ‘பிரெடிகேட்’ டைப்பும் அதே வடிவமுள்ள ‘ஃபங்க்’ டைப்பும் இன்றுவரை ஒன்றின் இடத்தில் ஒன்று நேராகப் போய் உட்காராது. தனித்தனிப் பெயர்கள் பெருகினால் இந்த உரசலும் பெருகும்.

பலரும் பயன்படுத்தப்போகும் நூலகம் என்றால் நான் ஈவென்ட்ஹேண்ட்லரின் பக்கம். காரணம் மரபு இல்லை, பத்திரத்தில் இடம் இருக்கிறது என்பதுதான். நாளை எந்த சென்சார் அளந்தது என்பதையும் தெரிவிக்க வேண்டியிருக்கும். ஈவென்ட்ஆர்க்ஸ் கிளாஸில் ஒரு பிராப்பர்ட்டி சேர்த்தால் போதும், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஒரு ஹேண்ட்லரையும் தொட வேண்டாம். ஆக்‌ஷனிலோ தனி டெலிகேட்டிலோ நாலாவது பாராமீட்டரைச் சேர்த்த நொடியில் கேட்கும் எல்லோருடைய நிரலும் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் எழும் ஈவென்டுக்கு ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் உண்டாக்குவது பாரம் என்று விளையாட்டு எழுதுகிறவர்கள் சொல்வது நியாயம். அதற்கும் வழி இருக்கிறது. உள்ளே வைப்பது ஈவென்ட்ஆர்க்ஸின் வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2012இல் டாட்நெட் 4.5 எடுத்துவிட்டது. ஒரு ஸ்ட்ரக்டை வைத்தால் அந்தப் பாரம் இல்லை, உள்ளே இருப்பவற்றுக்குப் பெயரும் உண்டு. ஆக்‌ஷனை நான் வைத்துக்கொள்வது தகவல் எதுவுமே இல்லாத, ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்லும் உள்ளக அறிவிப்புகளுக்கு.

எதில் அறிவித்தாலும் ரத்து செய்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெலிகேட்டுக்குள் மெத்தடோடு ஆப்ஜெக்டின் முகவரியும் இருக்கிறது, அது வலுவான பிடி. கோக்கோவின் ஜன்னல் தன் டெலிகேட்டை இறுகப் பிடிப்பதில்லை, சி ஷார்ப்பின் ஈவென்ட் பிடிக்கும். கிடங்கைக் கண்காணிக்கும் ஆப்ஜெக்ட் நாள் முழுவதும் உயிரோடு இருந்தால், அதில் சேர்ந்த ஒவ்வொரு திரையும், பயனர் மூடிய பிறகும், நினைவகத்தில் அப்படியே கிடக்கும். கழித்தல்-சமம் போட்டு விலக வேண்டும். ஆனால் லாம்டாவாக எழுதிச் சேர்த்தவரால் அதே லாம்டாவைத் திரும்ப எழுதி விலக முடியாது. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அது வேறொரு டெலிகேட். கழித்தல் எதையும் கழிக்காது, பிழையும் காட்டாது. சேர்க்கும்போதே லாம்டாவை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பெயருள்ள மெத்தடாக எழுதிவிடுங்கள். திரையை மூடும் மெத்தடில் அந்தப் பெயரைச் சொல்லி விலக்குங்கள்.